அன்னாசியும் ஆறிய சோறும்: கால் மணி நேரத்தில் ஒரு தாய்லாந்து இரவுணவு

மாலையில் நோயாளியைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவோரில் பலர் தமக்கென்று இரவில் அடுப்பு மூட்டுவதில்லை. ஒரு குவளைத் தேநீரும் நான்கு பிஸ்கட்டும் உணவாகிவிடுகின்றன. இல்லையேல் வழியிலுள்ள கடையில் வாங்கிய பொட்டலம். ஓரிரு நாள்களுக்கு உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும்போது, பராமரிப்பவரே தளர்ந்து படுக்கும் நிலை வந்துவிடும். வீடு வந்து சேர்ந்த கால் மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடியதும், சோறு, காய், பழம், முட்டை யாவும் ஒரே வாணலியில் சேர்வதுமான ஓர் உணவை இங்கு விளக்குகிறோம். தாய்லாந்தில் இதற்குக் ‘காவ் பட் சப்பரோட்’ என்று பெயர். காவ் என்றால் சோறு. பட் என்றால் வாணலியில் கிளறி வறுத்தல். சப்பரோட் என்றால் அன்னாசி.

அன்னாசி தென் அமெரிக்காவில் தோன்றிய பழம். இன்று அதை மிகுதியாக விளைவிக்கும் நாடுகளுள் தாய்லாந்தும் ஒன்று. அந்நாட்டின் பிரச்சுவாப் கீரி கான் மாகாணம் அன்னாசித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. சுற்றுலாப் பயணிகள் மிகுந்த உணவகங்களில் பழத்தைக் குடைந்து, அதன் ஓட்டுக்குள் சோற்றை நிரப்பித் தருவார்கள். பார்ப்பதற்கு அழகுதான், வீட்டில் அதற்குத் தேவையில்லை. சாதாரணத் தட்டில் இட்டு, ஓரத்தில் வெள்ளரித் துண்டுகளும் ஒரு கீற்று எலுமிச்சையும் வைத்தால் போதும். சோற்றுக்கு மஞ்சள் நிறம் தருவது கறித்தூள். தாய் மொழியில் அதனைப் ‘போங் கரி’ என்கிறார்கள். அச்சொல்லின் பிற்பகுதி நமக்கு அந்நியமானதன்று.

பழத்தைச் சோற்றில் போட்டால் இனிப்புப் பொங்கல் போலாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். புளிப்பு, இனிப்பு, உப்பு மூன்றும் ஒன்றையொன்று அடக்கி நிற்பதே இதன் சுவை. நோயாளிகளின் குடும்பத்தினருக்கு இவ்வுணவைப் பரிந்துரைப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். ஏனென்று உப்பைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும். அதற்கு முன் சோற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சோறு எப்படி ஆறியது?

வறுத்த சோற்றுக்கு ஆறிய சோறே ஏற்றது. சுடச்சுட இருக்கும் சோற்றில் ஈரம் மிகுதி. வாணலியில் இட்டதும் ஒட்டிக் குழைந்துவிடும். ஆறும்போது மாவுச்சத்து இறுகி, பருக்கையின் மேற்புறம் உலர்ந்து, ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். ஆகவே முதல் நாள் மிஞ்சிய சோற்றைக்கொண்டே இதைச் செய்வது வழக்கம். இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

அரிசியில் ‘பேசில்லஸ் செரியஸ்’ என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இயல்பாகவே இருக்கக்கூடும். அவ்வித்துகள் சோறு கொதிக்கும்போதும் அழிவதில்லை. வடித்த சோறு பானையிலேயே மூடிக் கிடந்து மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சைச் சோற்றில் விட்டுவைக்கின்றன. அந்த நச்சு வெப்பத்தைத் தாங்கவல்லது. மறுநாள் எவ்வளவு தீயில் வறுத்தாலும் அது போகாது. சோற்றின் மணமும் நிறமும் மாறாமலே இருக்கலாம். ‘நன்றாகச் சூடாக்கிவிட்டேனே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில், சீன உணவகங்களின் வறுத்த சோற்றை உண்டவர்களுக்கு ஏற்பட்ட வாந்தியை ஆராய்ந்தபோதுதான் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவந்தது.

உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். உடல்நலமுள்ளவருக்குப் பெரும்பாலும் ஒரு நாளில் அது அடங்கிவிடும். ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டு உண்டவர் உண்டதை வாந்தியெடுத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு உடலின் நீர் வற்றுவதே பெருந்தீங்கு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவரும் நாள் தவறாமல் விழுங்க வேண்டிய மருந்துகள் வயிற்றில் தங்காமல் போகும்.

ஆகவே மிஞ்சிய சோற்றைப் பானையிலேயே விடலாகாது. அகலமான தட்டில் ஓர் அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் பரப்பி, மின்விசிறியின் கீழ் ஆறவிட வேண்டும். வடித்த ஒரு மணி நேரத்துக்குள் அதனை மூடிய பாத்திரத்தில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அடுத்த ஒரு நாளுக்குள் பயன்படுத்தலாம். அதற்கு மேலானால் கொட்டிவிடுவதே நன்று. சோற்றைக் கொட்ட நம்மில் பலருக்கு மனம் வராது என்பதை அறிவோம். அதனால்தான் அளவாக வடிக்கச் சொல்கிறோம்.

‘நம் முன்னோர் பழைய சோறு உண்ணவில்லையா?’ என்ற கேள்வி எழுவது இயற்கை. பழைய சோறு நீரில் ஊறிப் புளிப்பது. அந்தப் புளிப்பு வேறு பல நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நீரின்றி இரவு முழுவதும் சமையலறை மேடையில் கிடக்கும் சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது. நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள் பழைய சோற்றையும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும்.

முதல் நாள் சோறு இல்லையெனில், புதிதாக வடித்த சோறே போதும். வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக நீர் வைத்து, பருக்கை உடையாமல் வேகவைத்து, தட்டில் பரப்பிப் பதினைந்து நிமிடம் விசிறிக்காற்றில் விடுங்கள். அதற்குள் காய்களை நறுக்கிவிடலாம். நோயாளிக்கும் சேர்த்துச் சமைப்பதானால் இம்முறையே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. தாய்லாந்தினர் பயன்படுத்தும் மல்லிகை அரிசி சற்று ஒட்டும் தன்மை உடையது. புதுச் சோற்றில் செய்யும்போது புழுங்கல் பொன்னியோ பாஸ்மதியோ எளிதாக உதிரும்.

செய்யும் முறை

இருவருக்கு 200 கிராம் அரிசியை வடித்த சோறு வேண்டும். அன்னாசித் துண்டுகள் ஒரு கிண்ணம், முட்டை இரண்டு, பொடியாக நறுக்கிய பூண்டு நான்கு பல், சின்ன வெங்காயம் ஆறு, கேரட் ஒன்று, கைப்பிடி பச்சைப் பட்டாணி, முந்திரிப் பருப்பு பத்துப் பன்னிரண்டு, கறித்தூள் ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, வெங்காயத் தாள், ஓர் எலுமிச்சையில் பாதி. இறால் விரும்புவோர் 100 கிராம் சேர்க்கலாம். சைவ உணவினர் முட்டைக்கும் இறாலுக்கும் பதிலாகப் பனீர் அல்லது டோஃபு இடலாம்.

அன்னாசியை முழுப் பழமாக வாங்கி, தோலைக் கழுவிய பின் வீட்டிலேயே வெட்டுங்கள். தள்ளுவண்டியில் வெட்டி வைத்த துண்டுகள் நோயாளிக்கு வேண்டாம். நடுத்தண்டு நாராக இருப்பதால் அதை நீக்கிவிடலாம். டப்பாவில் வருவதும் கெடுதலன்று. சர்க்கரைப் பாகில் ஊறியதாயின் பாகை முழுவதும் வடித்துவிட வேண்டும்.

வாணலி நன்கு சூடேறிய பின் சில துளி எண்ணெயில் அன்னாசியை மட்டும் முதலில் இடுங்கள். இரண்டு நிமிடத்தில் அதன் நீர் வற்றி, ஓரங்கள் பொன்னிறமாகும். எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பலர் இப்படியைத் தவிர்த்துப் பழத்தை நேரே சோற்றில் கொட்டுகிறார்கள். பழச்சாறு முழுவதும் சோற்றில் இறங்கி, எல்லாம் குழைந்துவிடும். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் ‘புரோமலைன்’ என்னும் நொதி உள்ளது. நிறைய உண்டால் நாக்கு எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். வெப்பத்தில் அது செயலிழந்துவிடுவதால், வதக்கிய பழம் நாவுக்கு மென்மையாக இருக்கும்.

அதே வாணலியில் முந்திரியைச் சிவக்க வறுத்து எடுத்துக்கொண்டு, மீதி எண்ணெயில் பூண்டு, வெங்காயம், கேரட், பட்டாணி ஆகியவற்றை வதக்குங்கள். இறால் சேர்ப்பதானால் இப்போது இட்டு, சுருண்டு முழுவதும் நிறம் மாறும்வரை வேகவிடுங்கள். அவற்றை ஓரமாக ஒதுக்கி, முட்டையை உடைத்து ஊற்றி, ஈரம் சிறிதும் இல்லாமல் வெந்த பின்னரே கிளறிவிடுங்கள். இனிச் சோறும் கறித்தூளும். கட்டிகளைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி உதிர்த்து, தீயைக் குறைக்காமல் மூன்று நிமிடம் பிரட்டினால் சோறு முழுவதும் ஒரே மஞ்சளாகி ஆவி பறக்கும். சாஸை வாணலியின் விளிம்பைச் சுற்றி விட்டு, அன்னாசி, முந்திரி, வெங்காயத் தாள் சேர்த்து இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். நால்வருக்கு வேண்டுமெனில் இருமுறையாகச் செய்யுங்கள். வீட்டு அடுப்பின் தீ, தாய்லாந்துத் தெருக்கடைகளின் தீயைப் போன்றதன்று. வாணலி நிறைந்தால் சோறு வறுபடாமல் வேகத் தொடங்கிவிடும்.

உப்பு எவ்வளவு?

தாய்லாந்துச் சமையலில் உப்பின் இடத்தில் பெரும்பாலும் நிற்பது ‘நாம் பிளா’ என்னும் ஃபிஷ் சாஸ். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிலிட்டுப் பல மாதங்கள் நொதிக்கவைத்து வடித்த நீர் அது. அதன் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 1,400 மி.கி. சோடியம் உள்ளது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் வகுத்துள்ள வரம்பு 2,000 மி.கி. மட்டுமே. சோயா சாஸின் ஒரு மேசைக்கரண்டியிலும் ஏறக்குறைய 900 மி.கி. இருக்கிறது. சமையற்குறிப்புகளில் இவ்விரண்டையும் தாராளமாக ஊற்றச் சொல்வதைக் காணலாம். இதய நோயாளிக்கும், இரத்த அழுத்தம் உள்ளவருக்கும், கால் வீக்கத்துடன் இருப்பவருக்கும் அது ஒவ்வாது.

அன்னாசியின் இனிப்பும் எலுமிச்சையின் புளிப்பும் கறித்தூளின் மணமும் சேர்ந்திருக்கும்போது உப்புக் குறைவு நாக்குக்கு எளிதில் தெரிவதில்லை. இருவருக்கான அளவுக்கு ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் மட்டும் விட்டு, வேறு உப்பே சேர்க்காமல் செய்து பாருங்கள். ஒருவருக்குச் சாஸிலிருந்து ஏறக்குறைய 150 மி.கி. சோடியமே சேரும். வறுத்த முந்திரியை வாங்கினால் உப்பிடாததாகப் பார்த்து வாங்க வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிகளும், பொட்டாசியத்தை உயர்த்தும் இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

சிறுநீரக நோயாளிகளுக்கு அன்னாசி சற்று ஆறுதலான பழம். வாழைப்பழத்தோடு ஒப்பிட்டால் அதில் பொட்டாசியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சிலர் இச்சோற்றில் சேர்க்கும் உலர்திராட்சையிலும், முந்திரியிலும் அது மிகுதி. இவ்விரண்டையும் அவர்கள் விட்டுவிடலாம். சர்க்கரை நோயாளிகள் பழத்தைவிடச் சோற்றின் அளவில்தான் கண்ணாக இருக்க வேண்டும்: சோற்றைப் பாதியாக்கி, காயையும் முட்டையையும் கூட்டிக்கொள்ளலாம்.

யாருக்குத் தரலாகாது?

பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்களுக்கு இவ்வுணவு ஏற்றதன்று. உதிர் உதிராக நிற்கும் பருக்கையும் கடினமான முந்திரியும் வாய்க்குள் சிதறி மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடக்கூடும். வீட்டில் எல்லாரும் விரும்பி உண்ணும்போது ‘ஒரு வாய் தானே’ என்று ஊட்டிவிடத் தோன்றும். அந்த ஒரு வாய் நிமோனியாவுக்கு வழிவகுக்கலாம். குழைந்த உணவு என்று மருத்துவர் எழுதியிருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள்.

கீமோதெரபி அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சையால் வாயில் புண் உள்ளவர்களுக்கு அன்னாசியும் எலுமிச்சையும் எரிச்சல் தரும், புண் ஆறட்டும். வாய்ப்புண் இல்லாமல், எதை உண்டாலும் சப்பென்று இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவோருக்கு இதே புளிப்பு பசியைத் தூண்டிவிடுவதுண்டு. சிறிய தட்டில் நான்கைந்து கரண்டி மட்டும் வைத்துக் கொடுங்கள். நிறைந்த தட்டைக் கண்டாலே பலருக்கு மலைப்பாகிவிடும். முந்திரி, இறால் இரண்டும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை என்பதால், விருந்தினருக்குப் பரிமாறும் முன் கேட்டுவிடுவது நல்லது. கருவுற்ற பெண்கள் அன்னாசியைத் தொடவே கூடாது என்ற அச்சம் நம்மிடையே பரவலாக உண்டு. உணவில் சேரும் அளவுக்கு உண்பதால் கரு கலையும் என்பதற்குச் சான்று இல்லை.

இதைச் சமைத்து வார்டுக்குக் கொண்டுவர விரும்புவோர் முதலில் பொறுப்புச் செவிலியரிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்தால், இறக்கியவுடன் சூடான ஹாட்பேக்கில் அடைத்து எடுத்துவந்து, வந்ததும் பரிமாறிவிடுங்கள். நோயாளி அப்போது உறங்கிக்கொண்டிருந்தால் மேசையில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டாம். அன்றைய இரவுக்கு அதை நீங்களே உண்டுவிடுங்கள்.