இரண்டு அவைகள், ஒரு சட்டம்

மல்லேஸ்வரத்தின் சம்பிகே சாலை நிலையத்தில் மெட்ரோ இரயிலில் ஏறி, மெஜஸ்டிக் நிலையத்தில் ஊதா வழித்தடத்திற்கு மாறினால், சிறிது நேரத்தில் விதான சௌதா நிலையத்தை அடையலாம். வெளியே வந்ததும் கருங்கல்லால் எழுப்பிய பெரிய மாளிகை கண்ணில் படும். 1951ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, 1956ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இம்மாளிகையின் முகப்பில், அரசின் பணி இறைவனின் பணி என்னும் பொருள் தரும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. கருநாடகத்தின் சட்டங்கள் இங்கேதான் பிறக்கின்றன.

மாணவர்களே! விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும்போது, அம்மாநிலத்தில் ஒரே ஒரு சட்டமன்ற அவை இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாம் வாழும் கருநாடகத்திலோ இரண்டு அவைகள் உள்ளன. ஒரு சட்டத்திற்கு இரண்டு அவைகள் எதற்கு? இப்பாடத்தில் அதனைக் காண்போம்.

சட்டமன்றப் பேரவை

முதல் அவை சட்டமன்றப் பேரவை. கன்னடத்தில் இதனை விதான சபை என்பர். இதன் உறுப்பினர்கள் 224 பேர். பதினெட்டு வயது நிரம்பிய வாக்காளர்கள் இவர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். மல்லேஸ்வரமும் ஒரு பேரவைத் தொகுதியே. பேரவையின் காலம் ஐந்து ஆண்டுகள். இங்குப் பெரும்பான்மை உறுப்பினர்களின் ஆதரவைப் பெற்றவரையே ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். அமைச்சரவை பேரவைக்கே பொறுப்புடையது. பேரவையின் நம்பிக்கையை இழந்தால் அமைச்சரவை பதவி விலக வேண்டும்.

சட்டமன்ற மேலவை

இரண்டாம் அவை சட்டமன்ற மேலவை. கன்னடத்தில் விதான பரிஷத் எனப்படும் இதில் 75 உறுப்பினர்கள் உள்ளனர். அவர்கள் ஐந்து வழிகளில் வருகின்றனர். பேரவை உறுப்பினர்கள் 25 பேரையும், ஊராட்சி, நகராட்சி முதலிய உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்கள் 25 பேரையும் தேர்ந்தெடுக்கின்றனர். பட்டதாரிகள் 7 பேரையும், ஆசிரியர்கள் 7 பேரையும் அனுப்புகின்றனர். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகப்பணி ஆகிய துறைகளில் தேர்ந்த 11 பேரை ஆளுநர் நியமிக்கிறார்.

மேலவை உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். அவர்களுக்குப் பதிலாகப் புதியவர் வருவர். ஆதலால் பேரவை கலைந்தாலும் மேலவை கலைவதில்லை.

சட்டம் பிறக்கும் வழி

அரசு இயற்ற விரும்பும் சட்டத்தின் வரைவை மசோதா என்கிறோம். பேரவை நிறைவேற்றிய மசோதா மேலவைக்குச் செல்லும். மேலவை அதனை ஏற்கலாம், திருத்தம் கூறலாம், மறுக்கலாம், மூன்று மாதம் வரை முடிவு கூறாமல் வைத்திருக்கவும் செய்யலாம். அதன்பின் பேரவை அம்மசோதாவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், மேலவைக்கு இன்னும் ஒரு மாதமே கிடைக்கும். அதன் பிறகு மேலவை உடன்படாவிடினும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியதாகவே கொள்ளப்படும்.

இதற்கு ஒரு சான்று காண்போம். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இந்து அறநிலையங்கள் தொடர்பான ஒரு திருத்த மசோதாவைப் பேரவை நிறைவேற்றியது. மேலவை அதனைத் தோற்கடித்தது. சில நாட்களில் பேரவை அம்மசோதாவை மீண்டும் எடுத்து நிறைவேற்றியது. மேலவையின் மறுப்பு பேரவையை மறுமுறை சிந்திக்கச் செய்கிறது. இறுதி முடிவு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அவையிடமே உள்ளது.

வரியும் செலவும் பற்றிய பண மசோதாவைப் பேரவையில் மட்டுமே கொண்டுவர இயலும். மேலவை அதனைப் பதினான்கு நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அது கூறும் பரிந்துரையைப் பேரவை ஏற்கலாம், விடலாம். இரு அவைகளையும் கடந்த மசோதா ஆளுநரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே சட்டமாகும்.

தமிழ்நாடு எடுத்த முடிவு

தமிழ்நாட்டிலும் ஒருகாலத்தில் மேலவை இருந்தது. 1952ஆம் ஆண்டு முதலமைச்சரான இராஜாஜி மேலவை உறுப்பினராகவே இருந்தார். 1986ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, பேரவையின் தீர்மானத்தின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, நவம்பர் 1ஆம் நாள் மேலவை ஒழிந்தது. 2010ஆம் ஆண்டு அதனை மீண்டும் அமைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு ஆட்சி மாறியபின் அம்முயற்சி கைவிடப்பட்டது.

மேலவை வேண்டும் என்போர், தேர்தல் களத்தில் இறங்கத் தயங்கும் அறிஞர்களும் ஆசிரியர்களும் அங்கு இடம்பெறலாம் என்பர். அவசரச் சட்டமாக்கலுக்கு அது தடையாகும் என்றும் கூறுவர். வேண்டாம் என்போர், அது செலவையும் காலதாமதத்தையும் தருகிறது என்பர். தேர்தலில் தோற்றவர்கள் பதவி பெறும் வழியாகிவிடுகிறது என்றும் குறை கூறுவர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. இன்று கருநாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் மட்டுமே மேலவை உள்ளது.

நம் வீட்டின் வாக்கு

நம் பெற்றோரில் பலர் வேலை தேடி இந்நகருக்கு வந்தவர்கள். சிலருடைய பெயர் இன்னும் சொந்த ஊரின் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கும். ஒருவர் பெயர் ஒரே ஒரு தொகுதியில்தான் இருக்க வேண்டும். அது அவர் வழக்கமாக வாழும் இடமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தாய்மொழி எதுவாயினும் மல்லேஸ்வரத்தில் வாழும் குடிமகன் மல்லேஸ்வரத்தின் வாக்காளராகலாம். பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் கடந்திருந்தால், பட்டதாரிகள் தொகுதிக்கும் தனியே பதிவு செய்துகொள்ளலாம். நாம் நடக்கும் சாலை, குடிக்கும் நீர், படிக்கும் பள்ளி ஆகியவை பற்றிய முடிவுகளில் பல இம்மாநிலத்தின் அவைகளில் எடுக்கப்படுபவை. அவற்றில் நம் வீட்டாரின் குரலும் சேர வேண்டுமாயின், முதலில் அவர்கள் பெயர் இங்குள்ள பட்டியலில் சேர வேண்டும்.

வினாக்கள்

1. மேலவை உறுப்பினர்கள் எவ்வெவ்வழிகளில் வருகின்றனர்?
2. மேலவை ஒரு மசோதாவை மறுத்தால் அடுத்து என்ன நிகழும்?
3. மேலவை தேவையா? உம் கருத்தைக் காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.
4. உம் வீட்டாரின் பெயர் எத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ளது? கேட்டறிந்து எழுதுக.