வெயிலும் சிறுநீரும்: வாசோபிரசின் செய்யும் வேலை

சித்திரை, வைகாசியில் வேலூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. அப்போது ராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ தோல் ஷாப்பில் வேலை செய்பவருக்கு மதியத்துக்குள் சட்டை நனைந்துவிடும். சிறுநீர் மட்டும் கொஞ்சமாக, அடர்மஞ்சளாகப் போகும். வாசோபிரசின் என்ற ஹார்மோனின் வேலை அது.

வியர்வையில் உப்பைவிடத் தண்ணீரே அதிகம் வெளியேறுவதால் ரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்துவிடும். தாகம் எடுக்கும், பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி தானாகவே உடலுக்குத் திரும்பிவிடும். கடைசிக் குழாய்களில் மிஞ்சுவதை மீட்கத்தான் இந்த ஹார்மோன் வேண்டும். அது வந்ததும் குழாய்ச் சுவரில் நீர்வழிகள் திறக்கின்றன; தண்ணீர் உடலுக்குள் திரும்புகிறது.

இது சுரக்காவிட்டால் ஒருவர் நாளுக்கு 10 லிட்டருக்கு மேலும் சிறுநீர் கழிக்கக்கூடும். தலைக்காயம், பிட்யூட்டரி அருகே வரும் கட்டி, அங்கு செய்யும் அறுவைச் சிகிச்சை ஆகியவற்றால் இப்படி நேரலாம். சிறுநீர் அதிகமாகப் போனாலும் சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. டெஸ்மோபிரசின் மாத்திரையோ மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயோ இதற்கு மருந்து. சிலருக்கு ஹார்மோன் சரியாகச் சுரந்தும் சிறுநீரகம் அதற்குப் பணியாது. லித்தியம் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களிடம் இதைக் காணலாம்.

தேவையின்றிச் சுரந்தாலும் தொல்லைதான். நுரையீரல் தொற்று, சிலவகைப் புற்றுநோய், மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகள் ஆகியவை அதைத் தூண்டலாம். தண்ணீர் உடலிலேயே தங்க, ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். வாந்தி, தடுமாற்றம், குழப்பம், முற்றினால் வலிப்பும் வரும். இவர்களுக்கு "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பது தவறான அறிவுரை.

நோயில்லாதவர்களுக்கும் ஒரு கவலை இருக்கிறது. நாள்தோறும் உடல் வறண்டு, வாசோபிரசின் உயர்ந்தே இருந்தால் சிறுநீரகம் சேதமடையுமோ என்று ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் வெயிலில் கரும்பு வெட்டும் இளைஞர்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்ததே அந்த ஐயத்தை வலுப்படுத்தியது. கழிப்பறை வசதி போதாத வெப்பமான பணியிடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதைத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் பதிவுசெய்தது. பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளும் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இருக்கும் தண்ணீரைச் சேமிக்க வாசோபிரசினுக்குத் தெரியும். புதிதாக உண்டாக்கத் தெரியாது. வெயிலில் உழைப்பவர் தாகம் முற்றும்வரை காத்திராமல் அவ்வப்போது குடிக்க வேண்டும். இதயம், சிறுநீரக நோயுள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குடிநீரோடு சுத்தமான கழிப்பறையும், அங்கே போய்வர நேரமும் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு.