மாணவருக்கு கார் காப்புறுதியில் தள்ளுபடி கிடைக்குமா? அப்பா பெயரில் ஓடும் காரில் ஒரு சிக்கல் இருக்கு

சமூக ஊடகத்தில் நீங்களும் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் படிக்கும் மாணவர் ஒருவர் தன் மதிப்பெண் பட்டியலைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி, பிரிமியத்தில் தள்ளுபடி வாங்கினேன் என்பார். கதை இல்லை, அங்கே 'நல்ல மாணவர்' தள்ளுபடி உண்மையிலேயே உண்டு. முழுநேர மாணவராக இருக்கணும், பெரும்பாலும் 25 வயதுக்குள் இருக்கணும், சராசரி 'பி' கிரேடுக்குக் கீழே போகக்கூடாது. சான்றை ஒரு தடவை கொடுத்தால் முடிந்துவிடாது, அவ்வப்போது புதிதாகக் கேட்பார்கள்.

மலேசியாவில் அப்படி ஒரு பொதுவான ஏற்பாடு கிடையாது. எஸ்பிஎம்மில் எத்தனை 'ஏ' வாங்கியிருந்தாலும் காப்புறுதி நிறுவனம் அதைக் கேட்காது. அவர்கள் கேட்பது வேறு: "உங்க என்சிடி எவ்வளவு?"

என்சிடி என்றால் என்ன?

இழப்பீடு கோராமல் ஒரு வருடம் ஓட்டினால் கிடைக்கும் கழிவுதான் என்சிடி. தனியார் கார்களுக்கு முதல் வருடம் முடிந்ததும் 25 விழுக்காடு. அடுத்தடுத்த ஆண்டுகளில் 30, 38.33, 45 என ஏறி, ஐந்து வருடம் முடிந்தால் 55 விழுக்காடு. (அந்த .33 அச்சுப்பிழை இல்லை.) அதற்கு மேல் ஏறாது.

அடிப்படைப் பிரிமியம் 1,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிவு உள்ளவர் 450 ரிங்கிட் கட்டுவார். புதிதாகத் தொடங்குபவர் முழு 1,000 ரிங்கிட்டையும் கட்டணும். இதற்கு மேல் 8 விழுக்காடு சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரை வரியும் சேரும்.

2017 ஜூலை 1 முதல், முழுமையான காப்புறுதிக்கான பிரிமியத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே நிர்ணயிக்கலாம். வாகனம், ஓட்டுநரின் வயது, முந்தைய இழப்பீட்டுக் கோரிக்கைகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரலாம். அதனால் ஒரே காருக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விலை சொல்லும். ஆனால் என்சிடி படிகள் மாறவில்லை. இளைஞர்களுக்குக் கைவசம் இருக்கும் பெரிய தள்ளுபடி இன்னமும் இதுதான்.

சரி, அதில் என்ன சிக்கல்?

என்சிடி காருக்கு உரியதும் இல்லை, ஓட்டுபவருக்கு உரியதும் இல்லை. காப்புறுதி யார் பெயரில் இருக்கிறதோ, அவருக்கு உரியது.

நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கும். பேருந்து வசதி சரியில்லை. மாணவரிடம் சம்பளச் சீட்டு இல்லை என்பதால் அவர் பெயரில் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். "அப்பா பேர்லயே போட்டுருவோம், காப்புறுதியும் கம்மியா வரும்" என்பார் அம்மா. எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அந்தப் பேச்சின் பின்பாதி பல சமயம் தவறு. அப்பாவின் 55 விழுக்காடு அவருடைய பழைய காரோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே கழிவை ஒரே சமயத்தில் இரண்டு கார்களுக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே இரண்டாவது கார் அப்பா பெயரிலேயே இருந்தாலும், அதற்கான என்சிடி சுழியத்தில்தான் தொடங்கும். பழைய காரை விற்றுவிட்டு அந்தக் கழிவைப் புதிய காருக்கு மாற்றினால் மட்டும் கதை வேறு.

இனி ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியிருக்கீங்க. அந்தக் காரின் என்சிடி 55 விழுக்காட்டை எட்டிவிட்டது. வேலை கிடைத்து, சொந்தப் பெயரில் கார் வாங்கப் போறீங்க. திரையில் தெரிவது: 0 விழுக்காடு. நீங்கள் கவனமாக ஓட்டிய வருடங்கள் எல்லாம் அப்பாவின் கணக்கில் இருக்கின்றன.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களும் இங்கே ஏமாந்துபோவதுண்டு. சொந்தப் பெயரில் உள்ள கப்சாய்க்கும் என்சிடி சேரும், அதிகபட்சம் 25 விழுக்காடு வரை. ஆனால் அதைக் காருக்கு மாற்ற முடியாது. இரண்டும் வேறு வேறு வகை.

'பி' ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு இன்னொரு 400 ரிங்கிட்

அப்பா பெயரில் உள்ள காரை நீங்கள் ஓட்டினால், உங்கள் பெயரைப் பாலிசியில் ஓட்டுநராகச் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காரைப் பழுதுபார்க்கும் செலவில் முதல் 400 ரிங்கிட்டை நாம்தான் கட்டணும். இதைத்தான் கட்டாய 'எக்சஸ்' என்கிறார்கள்.

பலர் கவனிக்காதது இதற்கு அடுத்த வரி. ஓட்டுநர் 21 வயதுக்குக் குறைந்தவராகவோ 'பி' அல்லது 'எல்' உரிமம் வைத்திருப்பவராகவோ இருந்தால், பெயர் பாலிசியில் இருந்தாலும் அந்த 400 ரிங்கிட் உண்டு. பெயரைச் சேர்த்தாச்சு, இனிமேல் கவலையில்லை என்று 19 வயதில் நினைத்துவிட வேண்டாம்.

இப்போது இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். பல்கலைக்கழகக் கார் நிறுத்துமிடத்தில் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டீர்கள். பழுதுபார்க்க 600 ரிங்கிட். இழப்பீடு கோரினால் எக்சஸ் போக 200 ரிங்கிட் கிடைக்கும். அதோடு 55 விழுக்காடு என்சிடி சுழியமாகிவிடும். அதே 1,000 ரிங்கிட் பிரிமியத்தில், அடுத்த ஐந்து வருடங்களுக்கு நீங்கள் கட்டுவது 1,000, 750, 700, 616.70, 550. மொத்தம் 3,616.70 ரிங்கிட். கோராமல் விட்டிருந்தால் 2,250 ரிங்கிட்தான். 200 ரிங்கிட் வாங்கப் போய் 1,366.70 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுகிறோம். பட்டறையில் கைக்காசைக் கொடுத்துவிடுவதே மேல்.

அப்போ என்னதான் செய்யலாம்?

முடிந்தால் முதல் காரை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். பழைய கஞ்சிலோ சாகாவோ போதும். கடன் இல்லாமல் வாங்கும் கார் என்றால் அப்பா பெயரில் போட வேண்டிய அவசியமே பல வீடுகளில் இருக்காது. விலை குறைந்த காருக்குப் பிரிமியமும் குறைவு என்பதால், சுழியத்தில் தொடங்குவது அவ்வளவாக வலிக்காது. என்சிடி ஏறுவது பாலிசி முழு 12 மாதம் ஓடினால்தான். ஆறு மாதத்துக்கு மட்டும் எடுத்துச் சமாளிப்பவருக்கு அந்தப் படி கிடைக்காது.

புதுப்பிக்கும் முன் மைகார்இன்ஃபோ இணையத்தளத்தில் என்சிடி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். முகவர் இல்லாமல் நிறுவனத்திடமே இணையம் வழி நேரடியாக வாங்கினால் 10 விழுக்காடு தள்ளுபடி தருவது வழக்கம். இதற்கு மாணவர் அட்டையும் வேண்டாம், மதிப்பெண் பட்டியலும் வேண்டாம்.

படிவத்தில் ஓட்டுநர் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பிரிமியம் குறையட்டும் என்று "அப்பாதான் ஓட்டுறார்" என்று எழுதி வைத்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு குறையலாம், கிடைக்காமலே போகலாம். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம் அதற்கு இடமளிக்கிறது.

எல்லா இழப்பீட்டுக் கோரிக்கையும் என்சிடியைச் சுழியமாக்கிவிடாது. கண்ணாடிக்கெனத் தனியாகக் காப்புறுதி எடுத்திருந்தால், உடைந்த கண்ணாடிக்குக் கோரலாம், கழிவு அப்படியே இருக்கும். இன்னொரு கார் உங்களை இடித்து, தவறு அவர்மேல் என்றால், 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்துவிட்டு, உங்கள் முழுமையான காப்புறுதியின் கீழ் 'நாக் ஃபார் நாக்' முறையில் கோர முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பணத்தை உங்கள் நிறுவனமே கொடுக்கும், என்சிடி குறையாது. பட்டறையில் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.