குளிரை வசப்படுத்திய மகேந்திரகிரி

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பணகுடியைக் கடந்து காவல்கிணற்றை நெருங்கும் பிரயாணி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிச் சிகரங்களில் ஒன்றாகிய மகேந்திரகிரியைக் காணாமல் போவதற்கில்லை. அனுமன் கடலைத் தாண்டக் காலூன்றிய மலை இதுவே என்பது அப்பிரதேசத்து மக்களின் நம்பிக்கை. அந்த மலையடிவாரத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று ஆண்டில் பாதி நாள் ஓயாமல் வீசும் வெளியில், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் அமைந்திருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் காட்சியைத் தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டு கைதட்டுகிறது; அது நியாயமே. ஆயினும், நம் நாட்டு விண்வெளித் தொழிலின் மிகப் பெரிய வெற்றி எங்கே சம்பாதிக்கப்பட்டது என்று கேட்டால், மகேந்திரகிரியின் சோதனை மேடைகளையே நான் சுட்டிக்காட்டுவேன். கிரையோஜெனிக் எஞ்சின் என்னும் அதிசீதள எஞ்சின் உருவாகித் தேறியது அங்கேதான்.

ராக்கெட்டுக்கு எரிபொருளாக ஹைட்ரஜனையும், அதை எரிப்பதற்குப் பிராணவாயுவையும் திரவ வடிவில் பயன்படுத்தலாம் என்று ருஷ்ய மேதை சியோல்கோவ்ஸ்கி 1903-ஆம் ஆண்டிலேயே எழுதினார். லண்டனில் ஜேம்ஸ் டூவர் ஹைட்ரஜனை முதன்முதலில் திரவமாக்கிக் காட்டி அப்போது ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்றத் திரவ எரிபொருள்கள் தருவதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பயனை, அதே எடைக்கு, இவ்விரண்டின் சேர்க்கை தருகிறது. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொள்ள வேண்டிய கனத்த தகவல்தொடர்புத் துணைக்கோளை அனுப்ப விரும்பும் தேசத்துக்கு இந்த லாபம் அத்தியாவசியமானது. அது கைவராதவரை நம் இன்சாட் துணைக்கோள்களைத் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளம் வரை கொண்டுபோய், ஐரோப்பியரின் ஏரியான் ராக்கெட்டுக்குக் கூலி கொடுத்து அனுப்பிவந்தோம்.

தத்துவம் எளிது, பொருளின் சுபாவம்தான் கடினம். பிராணவாயு பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி செல்சியஸிலும், ஹைட்ரஜன் 253 டிகிரியிலும் திரவமாகின்றன. திரவ ஹைட்ரஜனுக்கு எடையே இல்லை என்று சொல்லத் தோன்றும்: ஒரு லிட்டர் சுமார் 70 கிராம்தான், ஒரு கோழிமுட்டையைவிடச் சற்றே அதிகம். ஆகையால் அதற்கான தொட்டி மிகப் பெரிதாக இருக்க வேண்டும். குழாயில் சிறிது காற்று தங்கிவிட்டாலும் அந்தக் குளிரில் அது உறைந்து கட்டியாகி வழியை அடைத்துவிடும். ஆகவே அந்தக் குளிரிலும் உறையாத ஹீலியத்தைச் செலுத்தி ஒவ்வொரு மூலையையும் முன்கூட்டியே சுத்தம் செய்தாக வேண்டும். இவற்றினும் விசித்திரமானது ஹைட்ரஜனின் உள்ளியல்பு. அதன் மூலக்கூறுகளில் ஆர்த்தோ, பாரா என இரு வகைகள் உண்டு. சாதாரண வெப்பநிலையில் முக்கால் பங்கு ஆர்த்தோவாக இருக்கும் வாயுவை அப்படியே திரவமாக்கித் தொட்டியில் அடைத்து வைத்தால், அது தானாகவே மெல்ல மெல்லப் பாராவாக மாறி, அந்த மாற்றத்தில் வெளிப்படும் உஷ்ணத்தாலேயே கொதித்து ஆவியாகிவிடும். எவ்வளவு நேர்த்தியான தொட்டியாயினும் வெளிவெப்பத்தைத்தான் தடுக்க முடியும்; உள்ளேயே பிறக்கும் வெப்பத்தை என்ன செய்வது? எனவே குளிர்விக்கும்போதே வினையூக்கிகளின் வழியாகச் செலுத்தி அந்த மாற்றத்தை முன்னதாகவே முடித்துவிடுகிறார்கள்.

எஞ்சினின் எரிகலத்தை அருகிருந்து நோக்கினால் ஆச்சரியம் இன்னும் பெருகும். உள்ளே மூவாயிரம் டிகிரியைத் தாண்டும் சுவாலை எரிந்துகொண்டிருக்க, செம்புக் கலப்பு உலோகத்தாலான அதன் உட்சுவரில் குடைந்த நுண்ணிய கால்வாய்களில், எரியப்போகும் அதே ஹைட்ரஜன் ஓடிச் சுவரைக் காப்பாற்றுகிறது. உலகத்தின் மிகக் கொடிய வெப்பங்களில் ஒன்றுக்கும் மிகக் கொடிய குளிர்களில் ஒன்றுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய உலோகத் தகடு. அதில் எங்கேனும் ஒரு பற்றவைப்பு பிசகினால் எஞ்சின் முழுவதும் நாசமாகும்.

இந்த வித்தையை விலைக்கு வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். 1991-இல் சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு, எஞ்சின்களையும் அவற்றைச் செய்யும் நுட்பத்தையும் தருவதாக ஒப்பந்தம் ஏற்பட்டது. ஏவுகணைப் பரவலைத் தடுக்கும் விதிகளைக் காட்டி அமெரிக்கா 1992-இல் இரு தரப்பின்மீதும் தடை விதித்தது. 1993-இல் ருஷ்யா நுட்பத்தைத் தர இயலாதென்று பின்வாங்கி, எஞ்சினும் தொட்டிகளுமாக முழுமையாகச் செய்து முடித்த ஏழு ராக்கெட் அடுக்குகளை மாத்திரம் அளிக்கச் சம்மதித்தது. ஏவுவதற்குச் சற்று முன்புதான் நிரப்பக்கூடிய இந்தத் திரவங்களை வைத்துக்கொண்டு போர்க்கள ஏவுகணை செய்ய யாரும் முற்படமாட்டார்கள். ஆகவே அந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட காரணத்தை நான் ஏற்பதற்கில்லை. எவ்வாறாயினும், 1994-இல் சுதேசி அதிசீதள அடுக்கைச் செய்யும் திட்டத்துக்கு அரசாங்கம் அனுமதி அளித்தது.

அதன்பின் பல ஆண்டுகள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வராமலே கழிந்தன. 2007 நவம்பர் 15 அன்று மகேந்திரகிரியில் அந்த அடுக்கு, விண்ணில் எரிய வேண்டிய முழு நேரமாகிய 720 விநாடிகளும் தங்குதடையின்றி எரிந்து காட்டியது. அவ்வளவு சோதனைக்குப் பிறகு 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-3 ராக்கெட் அதைச் சுமந்து எழும்பியபோது, முதலிரண்டு அடுக்குகளும் குறையின்றி வேலைசெய்து முடித்து, சுதேசி எஞ்சின் பற்றிக்கொண்ட பின்னர், ஹைட்ரஜனைத் தொட்டியிலிருந்து இழுத்துப் பிரதான பம்புக்குக் கொடுக்கும் சிறிய முன்பம்பு, நிமிடத்துக்கு 34,800 சுற்றுகள் வரை ஏறி, ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் வேகம் தளர்ந்து, அடுத்த அரை விநாடியளவில் நின்றுபோயிற்று. எரிபொருள் வரவில்லை, ராக்கெட் கடலில் வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ருஷ்ய அடுக்கோடு சென்ற மற்றொரு ஜி.எஸ்.எல்.வி.யும் அழிந்தது.

இங்கேதான் நம் விஞ்ஞானிகளின் பெருமை எனக்குப் புலப்படுகிறது. கடலில் மூழ்கிய பம்பைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அந்த ஓரிரு விநாடிகளில் ராக்கெட் அனுப்பிய அளவீடுகளே சாட்சி. அவற்றைக் கொண்டு, சுழலி ஓர் அடைப்பின் அருகே இறுகிப் பிடித்திருக்க வேண்டும், அல்லது டர்பைனின் உறை பிளந்திருக்க வேண்டும் என்று இரண்டு காரணங்களை வகுத்தார்கள். கடுங்குளிரில் தாங்கியும் உறையும் வெவ்வேறு அளவில் சுருங்குவதைக் கணக்கிட்டு இடைவெளிகளை மாற்றினார்கள். தரைமட்டத்துக் காற்றில் எரிந்ததை மாத்திரம் நம்பாமல், விண்வெளியின் வெறுமையைப் போலிசெய்யும் உயர்வளிச் சோதனைக் கூடத்தில், 2013-இல் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 19 அன்று ராக்கெட் புறப்பட 74 நிமிடங்களே இருந்தபோது இரண்டாம் அடுக்கில் கசிவு தெரியவந்தது. ஏவுதலை நிறுத்தி, ராக்கெட்டைக் கொட்டகைக்குத் திருப்பி எடுத்துச்சென்று, அந்த அடுக்கையே புதிதாக மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-5, ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள ஜிசாட்-14 துணைக்கோளைப் பாதையில் சேர்த்தது. அப்போது நிறுவனத் தலைவராக இருந்தவர் ராதாகிருஷ்ணன். அப்பயணத்தின் இயக்குநர், நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையிற் பிறந்த கே. சிவன்.

ஹைதராபாத்தின் எம்.டி.ஏ.ஆர்., மும்பையின் கோத்ரேஜ் ஆகிய தொழிற்சாலைகளின் கடைசல்காரர்களும் பற்றவைப்பவர்களும் இந்த வெற்றியில் உரிமையுள்ள பங்காளிகள். தலைமுடியின் தடிமனுக்கும் குறைந்த அளவுகளைப் பேணும் அவர்களுடைய கைத்திறன் இல்லாவிட்டால், வரைபடம் வரைபடமாகவே இருந்திருக்கும். பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் அதிசீதள எஞ்சின்களை ஒரே கூரையின்கீழ் செய்வதற்கான ஆலை 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

முதல் எஞ்சின் ருஷ்ய மாதிரியைப் பின்பற்றியது. அடுத்து வந்த சி.இ.-20 முற்றிலும் நம் சிந்தனையில் உதித்தது. அதன் சுழற்சிமுறை எளிமையானது. சற்றே பயன் குறைந்தாலும், பம்புகளையும் எரிகலத்தையும் தனித்தனியே சோதிக்க இடந்தருவது. அனுபவம் கற்பித்த விவேகமே இத்தேர்வுக்குக் காரணமென்பது என் எண்ணம். அந்த எஞ்சின் பொருந்திய 25 டன் வகை அடுக்கின் திட்ட இயக்குநராக உழைத்த வி. நாராயணன், குமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர். 2025 ஜனவரியில் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். 2017-இல் முதன்முதலாகத் துணைக்கோளைச் சுமந்த சி.இ.-20, 2022 அக்டோபரில் ஒன்வெப் நிறுவனத்தின் 36 துணைக்கோள்களைச் சேர்த்துவிட்டது. கூரூவில் கூலி கொடுத்துக் காத்திருந்த நாடு கூலி வாங்கும் நிலைக்கு வந்தது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 விண்கலத்தைப் பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் சேர்த்ததும் இதுவே.

இப்போது மகேந்திரகிரியில் மற்றோர் எஞ்சின் சோதிக்கப்பட்டு வருகிறது. சுத்திகரித்த மண்ணெண்ணெயையும் திரவப் பிராணவாயுவையும் எரித்து, சி.இ.-20 தருவதைப்போல் பத்து மடங்காகிய 2,000 கிலோநியூட்டன் உந்துதலைத் தர வேண்டிய இந்த அரை அதிசீதள எஞ்சினில், டர்பைனைச் சுற்றும் சூடான வாயுவில் பிராணவாயுவே மிகுந்திருக்கும். அத்தகைய வாயுவில் சாதாரண எஃகு தானே எரியத் தொடங்கிவிடும். அதைத் தாங்கும் உலோகத்தையும் பூச்சையும் அமைத்துக்கொண்டு, 2025 மார்ச்சில் அதன் பம்புகளும் முன்னெரிகலமும் அடங்கிய பகுதியை முதன்முறையாக வெற்றியோடு மூட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிரதான எரிகலத்தைச் சேர்த்து முழு எஞ்சினையும் எரிக்கும் வேலை இனி ஆக வேண்டியது.