கொன்றை மரமும் எங்க தாத்தாவின் பீடியும்



எங்க தாத்தா பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்கியவர். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பார். ராத்திரி அவர் இருமினால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. "விட்டுடு தாத்தா" என்றால், "விட்டா கை நடுங்குது கண்ணு" என்பார்.

போன மாதம் அறிவியல் டீச்சர் சைட்டிசின் என்று ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னார். ஐரோப்பாவில் லேபர்னம் என்று ஒரு மரம் இருக்கிறது. மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்கும். அதன் விதையிலிருந்து எடுப்பதுதான் இந்த மருந்து. பல்கேரியா நாட்டில் 1964-ல் இதை டேபெக்ஸ் என்ற பெயரில் மாத்திரையாக விற்க ஆரம்பித்தார்கள்.

பீடியில் உள்ள நிக்கோடின் மூளையில் சில இடங்களில் போய் உட்காரும். அதுதான் சுகம். அது இறங்கிப் போனதும் நடுக்கம், எரிச்சல் எல்லாம் வரும். பஸ்ஸில் ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அது மாதிரி சைட்டிசின் முன்னாடியே போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது கொஞ்சம் சுகம் தருவதால் நடுக்கம் குறையும். பீடி குடித்தாலும் நிக்கோடினுக்கு சீட் இல்லை, அதனால் ருசிக்காது. மொத்தம் 25 நாள் சாப்பிட வேண்டும். 5-ம் நாளுக்குள் பீடியை நிறுத்திவிட வேண்டும்.

நியூசிலாந்தில் 1,310 பேரிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. 6 மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள், சைட்டிசின் சாப்பிட்டதில் 100-க்கு 22 பேர். நிக்கோடின் பட்டை, சூயிங்கம் எடுத்ததில் 15 பேர். 22 தானா என்று எனக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது.

இனிமேல்தான் என் கதை. நம்ம சரக்கொன்றைக்கு ஆங்கிலத்தில் 'இந்தியன் லேபர்னம்' என்று பெயர்! அகராதியில் பார்த்ததும் ஒரே சந்தோஷம். கொன்றைக் காய் பொறுக்கி, விதையை இடித்து, தாத்தாவுக்குக் கஷாயம் வைக்கத் தயாராயிட்டேன். நல்லவேளை, டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். டீச்சர் முகமே மாறிப் போச்சு.

"பூ ஒண்ணு போல இருந்தா மரம் ஒண்ணாயிடுமா?"

கொன்றையில் சைட்டிசின் கிடையாது. அதன் சதை பேதி மருந்து. நிஜ லேபர்னமாக இருந்திருந்தால் இன்னும் ஆபத்து. ஒரு மாத்திரையில் இருப்பது 1.5 மில்லி கிராம்தான். விதையை அப்படியே தின்றால் விஷம், வாந்தி வரும், வலிப்பும் வரலாம். ஒரு விதையில் எவ்வளவு இருக்கு என்று அளக்க என்னிடம் என்ன இருக்கு? அம்மாவின் உப்பு ஸ்பூன்தான்.

டீச்சர் ஒரு எண் கொடுத்தார்: 1800-11-2356. மத்திய அரசு 2016-ல் தொடங்கியது, காசு கிடையாது. தாத்தாவைப் பேச வைத்தேன். காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் பீடி என்று கேட்டார்கள். எப்பவும் சத்தமாப் பேசுகிற தாத்தா மெதுவா, "பாயிலேயே" என்றார்.

நேற்று 9 பீடி. காலண்டரில் நான்தான் எழுதி வருகிறேன்.

— 9-ம் வகுப்பு மாணவி