செங்கை முதல் மாமல்லை வரை: எங்கே, எப்போது, எப்படி ஓடலாம்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு ஒரு காட்சி பழகியிருக்கும். சாலையோரமாகச் சிலர் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களை உரசுவதுபோல கார்களும் பைக்குகளும் பறக்கும். நேராக, வழவழவென்று இருப்பதால் ஓடுகிறவர்களுக்கு இந்தச் சாலை பிடிக்கிறது. வேகமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அதே காரணத்துக்காகத்தான் பிடிக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் வேறொரு நிலம் விரிகிறது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சுமார் 30 கி.மீ. அரை மாரத்தானைவிட (21.1 கி.மீ.) அதிகம், முழு மாரத்தானைவிட (42.2 கி.மீ.) குறைவு. இந்தத் தூரத்துக்குள்ளேயே ஏரிக்கரை, வயல், மலையடிவாரம், கடல் மணல் என்று தரை மாறிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு தரையும் காலிடம் ஒவ்வொன்றைக் கேட்கும்.

ஏரிக்கரையில் என்ன கவனிக்க வேண்டும்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்க்கும் கொளவாய் ஏரி அவற்றில் ஒன்று. ஏரிக்கரை மண் தாரைப் போலவோ கான்கிரீட்டைப் போலவோ கடினமாக இருக்காது. வண்டித் தொல்லையும் குறைவு. புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற இடம்.

ஆனால், கரை என்பது ஓடுதளம் அல்ல. மதகுக்குப் பக்கத்தில் பள்ளம் இருக்கும், கலங்கல் வழிகிற நாளில் பாசி வழுக்கும். புல் மண்டிய கரையில் கண்ணாடி விரியன் போன்ற பாம்புகள் இருக்கலாம் என்பதால், இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்கவே கூடாது. முதல் முறை வெளிச்சத்தில் நடந்து பார்த்துவிட்டு, மறுமுறை ஓடுவதே நல்லது.

அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் உழைப்பு. மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடினால்தான் அது துரத்தும்.

திருக்கழுக்குன்றத்தில் மலை ஏறலாமா?

செங்கல்பட்டிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் ஏறத்தாழ ஒரே தொலைவில், வழியின் நடுவே நிற்கிறது வேதகிரீஸ்வரர் மலை. 500-க்கும் மேற்பட்ட படிகள். “படி ஏறினால் கால் வலுவாகும்” என்று இங்கே வேகம் காட்ட நினைப்பவர்கள் உண்டு. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முழங்கால் அடி வாங்கும். மேலும், இது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற கோயில் படி. தரிசனத்துக்கு வருகிறவர்களுக்கே அங்கே முன்னுரிமை.

ஓட நினைப்பவர்களுக்கு மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை போதும். பௌர்ணமியன்று கூட்டம் நிறைந்திருக்கும். அன்று ஓட்டத்தைத் தள்ளிவைத்துவிடலாம்.

இங்கிருந்து கிழக்கே போனால், மாமல்லபுரத்தை நெருங்கும்போது பூஞ்சேரி சந்திப்பு வரும். இந்த வழியில் மிகவும் கவனமாகக் கடக்க வேண்டிய இடம் இது. கைக்கடிகாரத்தில் நேரம் ஓடட்டும். நின்று, இருபுறமும் பார்த்து, நடந்து கடப்பதே சரி.

கடல் மணலில் ஓடினால் ஏன் சீக்கிரம் களைப்பு?

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே சுமார் 5 கி.மீ. தொலைவில், சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறது. போய்த் திரும்பினால் 10 கி.மீ. 2004 சுனாமிக்குப் பிறகு கிடைத்த கல்வெட்டுத் தடயத்தைப் பின்தொடர்ந்து தொல்லியல் துறை தோண்டியெடுத்த பழைய முருகன் கோயிலும் அங்கேதான் உள்ளது.

தூரம் குறைவுதானே என்று மணலில் இறங்குகிறவர்கள் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுவது உண்டு. காரணம் எளிது. கால் அழுத்தும்போது மணல் நகர்ந்துவிடுவதால், உந்துவிசையில் ஒரு பகுதி வீணாகிறது. உலர்ந்த மணலில் ஓட, கெட்டியான தரையைவிட சுமார் 1.6 மடங்கு ஆற்றல் தேவை என்று 1998-ல் வெளியான பெல்ஜியம் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே மணலில் கிலோமீட்டரை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள். முதல் நாளில் 15 நிமிடம் தாராளம்.

ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் பாரம் கூடும். போன வழியிலேயே திரும்பினால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். கட்டுமரமும் வலையும் கிடக்கிற இடங்கள் மீனவர்களின் வேலையிடம். வலைமேல் கால் வைக்கக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். அந்த மாதங்களில் விடியும் முன் டார்ச் அடித்துக்கொண்டு கடற்கரையில் ஓடாமல் இருப்பதே உதவி. வியர்வையோடு அப்படியே கடலில் இறங்குவதும் வேண்டாம். இங்கே அலையின் இழுப்பு பலரைப் பலி வாங்கியிருக்கிறது.

எந்த நேரம் பாதுகாப்பானது?

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஓட ஏற்றவை. மே மாதக் கடைசியில் 5.40 மணிக்கே சூரியன் உதித்துவிடும்; ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். “காலையில்தான் வெயிலே இல்லையே” என்று ஏமாந்துவிடக் கூடாது. விடியற்காலையில் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை வழியும், ஆனால் உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும்.

தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல், மனக் குழப்பம் ஆகியவை வெப்ப வாதத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அதோடு 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சாலையில் ஓட நேர்ந்தால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். முதுகுக்குப் பின்னால் வருவதைக் கண்ணால் பார்க்க முடியாது. காதில் ஹெட்போன் இருந்தால் கேட்கவும் முடியாது. வெளிர்நிற உடை, கூட ஒருவர், வீட்டில் வழியைச் சொல்லிவிட்டுப் போவது ஆகிய மூன்றும் பணம் செலவில்லாத பாதுகாப்பு.

அரசு என்ன செய்யலாம்?

‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் கீழ் 2023 நவம்பரில் தமிழகத்தின் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதைகள் தொடங்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒன்று என்பது நல்ல தொடக்கம். அயர்லாந்தில் 1990-களிலேயே இதய நல அறக்கட்டளை ஒன்று, ஊர்ப்புற வழிகளில் கிலோமீட்டருக்கு ஒரு பலகை நட்டு மக்களை நடக்க வைத்தது. புதுச் சாலை எதுவும் தேவைப்படவில்லை; இருக்கிற பாதைக்கு அடையாளம் கொடுத்தால் போதுமாக இருந்தது.

செங்கல்பட்டின் ஏரிக்கரைகளுக்கும் கிராமத்து வழிகளுக்கும் அதுவே பொருந்தும். தூரம் காட்டும் பலகை, பூஞ்சேரி போன்ற சந்திப்புகளில் பாதசாரிகள் கடக்க ஒரு வழி, இரண்டு மூன்று இடங்களில் குடிநீர்க் குழாய். இவை இருந்தால் ஓடுகிறவர்கள் ஈ.சி.ஆரை விட்டுத் தாங்களாகவே உள்ளே வருவார்கள். அந்தப் பாதையில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளுக்கும், வயலுக்குப் போகும் பெண்களுக்கும் அது பயன்படும்.