அரவான் களப்பலி

வியாச பாரதத்தில் அரவானுக்குக் கிடைத்த இடம் சிறியது. அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அவன், போரின் எட்டாம் நாளில் சகுனியின் தம்பியர் ஐவரைக் கொல்கிறான். பிறகு அலம்புசன் என்னும் அரக்கனோடு மாயப்போர். அரவானுக்குத் துணைவந்த தாய்வழி நாகம் பெரிதாக விரிய, அரக்கன் கருடனாகி அந்த நாகத்தை விழுங்கி, மயங்கி நின்ற அரவானின் தலையை வெட்டி வீழ்த்துகிறான். போர் வெற்றிக்காகத் தரும் உயிர்ப்பலியான களப்பலி பற்றிய பேச்சே அங்கு இல்லை.

தமிழ்ப் பாரதங்களில் கதை வேறு. 9ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே களப்பலி வந்துவிடுகிறது. வெற்றிக்கு வழி கேட்டு வந்த துரியோதனனுக்கு, எதிரி என்றும் பாராமல் பாண்டவனான சகாதேவன் உண்மையைச் சொல்கிறான்: அமாவாசையன்று குறையற்ற வீரன் ஒருவனைக் காளிக்குப் பலியிட வேண்டும். அதற்குத் தகுந்தவன் அரவான். துரியோதனன் நேரே அவனிடமே போய்க் கேட்க, அவனும் சம்மதிக்கிறான். பெரிய தந்தையர் படைக்கு எதிராகத் தன் உயிரையே கொடுக்க ஒப்புக்கொண்ட இந்த இடம்தான் கதையின் உயிர்நாடி. கேட்டவன் யார் என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

இதைத் தடுக்க, பாண்டவர் பக்கம் நின்ற கண்ணன் ஒருநாள் முன்னதாகவே அமாவாசைத் தர்ப்பணம் செய்கிறான். குழம்பிய சூரியனும் சந்திரனும் காரணம் கேட்க ஒன்றாக வந்து நிற்கிறார்கள். இருவரும் சேர்ந்த நாள்தானே அமாவாசை! துரியோதனன் வருவதற்குள் நாள் வந்துவிட்டதால், அரவான் பாண்டவர் பக்கம் பலியாகிறான். தெருக்கூத்து மரபில் அவன் தன் உடலைத் தானே 32 இடங்களில் அறுத்துக் காளிக்குப் படைக்கிறான். பதிலுக்கு, வெட்டுண்ட தலையாக இருந்தே போரைக் காணும் வரம் பெறுகிறான். பல திரௌபதி அம்மன் கோயில்களில் அவன் தலையை மட்டும் வைத்து வணங்குவதற்கு இந்த வரமே அடிப்படை.

திருமணமாகாமல் சாக மனமில்லாத அரவானைக் கண்ணன் மோகினி வடிவெடுத்து மணந்த கதை மக்கள் வழக்கில் வளர்ந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில், கூத்தாண்டவர் என்ற பெயரில் அரவானுக்கு ஆண்டுதோறும் சித்திரையில் 18 நாள் திருவிழா நடக்கிறது. பல மாநிலங்களிலிருந்து வரும் திருநங்கையர், மோகினியாகத் தங்களைக் கருதி, பூசாரி கையால் மஞ்சள் கயிற்றுத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேரில் அரவான் களம் போனதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். அந்த அழுகையில் பாசாங்கு இல்லை. சுற்றுவட்டார ஆண்களும் நேர்த்திக்கடனுக்காக இதே தாலியைக் கட்டிக்கொள்வதுண்டு.